வேகம் வேறு, சுமை வேறு



மதரஸாவில் பாடம் நடத்துகிறவன் காரையும் டிரெய்லரையும் பற்றி எழுதுவதேன் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று வாகனத்தில்தான் அதிக நேரத்தைக் கழிக்கிறார்கள். திருமணம், வீடு மாற்றம், குர்பானி ஆடு, வியாபாரச் சரக்கு என எல்லாமே சாலையின் வழியாகத்தான் நடக்கின்றன. அந்தச் சாலையில் எடுக்கும் முடிவு நம்மோடு மட்டும் நிற்பதில்லை. எதிரே வருகிற, முகம் தெரியாத ஒரு குடும்பத்தையும் அது தொடுகிறது. ஆகவே இது மார்க்கத்தோடு தொடர்புள்ள விஷயம்தான்.

சில மாதங்களுக்கு முன் என் தங்கையின் குடும்பம் தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் குடிபெயர்ந்தது. மச்சான் தையல் தொழில் செய்பவர். பத்துத் தையல் இயந்திரங்கள், வெட்டு மேசை, துணிக்கட்டுகள் ஆகியவற்றைச் சேலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தங்கையின் மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். இரண்டு கதவுகள் கொண்ட, தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறான். "லாரிக்கு எதற்கு வாடகை? வெல்டிங் பட்டறையில் ஒரு கொக்கி வைத்துவிட்டால் போதும். தெரிந்தவரிடம் இரண்டு சக்கர டிரெய்லர் இருக்கிறது. என் காரே இழுத்துவிடும் மாமா" என்றான்.

தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்று தொலைபேசியில் சொன்னாள். 'கூடாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் மரியாதைக்காகத் தலையசைத்திருப்பான், மனம் ஏற்றிருக்காது. எனவே எங்கள் மஹல்லாவில் முப்பதாண்டுகளாக லாரி ஓட்டும் பெரியவர் ஒருவரையும், கார் பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு மூவருமாக அவனோடு பேசினோம். அந்தப் பேச்சில் தெளிவானவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விமானத்தை இழுத்த கார்

மருமகன் முதலில் தன் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். 2017ஆம் ஆண்டு பாரிஸ் விமான நிலையத்தில் போர்ஷே கயென் கார் ஒன்று, 285 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ380 விமானத்தை இழுத்துச் சென்றது. அது உண்மையில் நடந்ததுதான். "விமானத்தையே இழுக்கும்போது பத்துத் தையல் மெஷின் ஒரு சுமையா?" என்று கேட்டான்.

லாரி ஓட்டும் பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு தூரம் இழுத்துச்சு தம்பி?"

42 மீட்டர். சமதளமான தரை, அதற்கென்றே பொருத்திய இணைப்பு, நடந்து போகும் வேகம். வளைவில்லை, இறக்கமில்லை, குறுக்கே ஆடு மாடு வரவில்லை, பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. போதாக்குறைக்கு, கயென் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. டிரெய்லர் இழுக்கவும் சேர்த்தே வடிவமைக்கப்பட்ட உயரமான, கனத்த வண்டி.

சக்கரம் உள்ள எதையும் சமதளத்தில் நகர்த்துவது பெரிய காரியமல்ல. நகரும் சுமையை நிறுத்துவதும், வளைவில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதுமே கடினம். விளம்பரங்கள் இழுப்பதைக் காட்டும், நிறுத்துவதைக் காட்டுவதில்லை.

குதிரைத்திறன் எதைச் சொல்கிறது?

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் 'குட்டியானை'யைப் பாருங்கள். 2005இல் அந்தச் சிறு சரக்கு வண்டி வெளிவந்தபோது அதன் எஞ்சின் 16 குதிரைத்திறன்தான். ஆனாலும் ஏறத்தாழ முக்கால் டன் சுமந்தது. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுசெல்லும் டிராக்டரின் எஞ்சினும் பெரும்பாலும் ஐம்பது குதிரைத்திறனை ஒட்டியதே. அது பல டன் கரும்பை இழுக்கிறது. மருமகனின் காரோ இருநூறைத் தாண்டிய குதிரைத்திறன் உடையது.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? பழுதுபார்க்கும் சகோதரர் பொறுமையாக விளக்கினார். சரக்கு வண்டியின் முதல் கியர், மெதுவாக, மிகுந்த விசையோடு சக்கரத்தைத் திருப்பும்படி அமைக்கப்படுகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் கியர்கள் வேகத்துக்காக அமைக்கப்படுகின்றன. பாரத்தோடு மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது அதன் கிளட்ச் தேய்ந்து சூடாகும். மெதுவாக ஊர்ந்தால் எஞ்சினுக்குக் காற்றோட்டம் போதாது. சரக்கு வண்டிக்கு அடியில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் உண்டு. கொக்கியின் இழுவையை அந்தச் சட்டம் ஏற்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே அதன் எலும்பு. பின்புறம் பெரும்பாலும் மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் புகைக்குழாயும்தான். பட்டறையில் அங்கே பற்றவைக்கும் கொக்கி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

"கார் கம்பெனியே ஒரு கொக்கி கொடுத்திருக்கிறதே" என்றான் மருமகன். பல கார்களின் கருவிப் பையில் திருகி மாட்டும் இரும்பு வளையம் ஒன்று இருக்கிறது. கார் பழுதாகி நின்றால் அதைக் கட்டி இழுப்பதற்கானது அது. டிரெய்லரைத் தாங்குவதற்கு அது செய்யப்படவில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருப்பதையும் சகோதரர் காட்டினார். 91 என்றிருந்தால் அந்த டயர் அதிகபட்சம் 615 கிலோ சுமக்கலாம் என்று பொருள். காரின் எடையும் ஆட்களின் எடையும் போக மீதமுள்ளதில்தான் கொக்கியில் விழும் பாரமும் அடங்க வேண்டும். எந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதைச் செய்தவர்கள் கையேட்டில் எழுதியிருப்பார்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் கையேட்டில் டிரெய்லரே இணைக்கக் கூடாது என்றிருக்கும். மருமகன் தன் காரின் கையேட்டை எடுத்துப் பார்த்தான். அதிலும் அதுவே இருந்தது. அந்த வரியை அவன் அதுவரை படித்ததில்லை.

பருத்தியும் இரும்பும்

இந்த இடத்தில் எனக்கு மதரஸாவில் பாடம் நடத்தும் கிதாபு ஒன்று நினைவுக்கு வந்தது. ஹனஃபி ஃபிக்ஹ் நூலான குதூரியை நம் மதரஸாக்களில் ஓதியவர்கள் அறிவார்கள். அதை எழுதிய இமாம் ஹிஜ்ரி 428இல் வஃபாத்தானவர். அதில் வாடகை பற்றிய பாடத்தில், சுமை தூக்க வாடகைக்கு எடுத்த பிராணியைப் பற்றிய சட்டங்கள் வருகின்றன.

இன்ன அளவு கோதுமை ஏற்றுவதாகப் பேசி எடுத்த பிராணியின் மேல் கூடுதலாக ஏற்றி, அதனால் அது இறந்துபோனால், ஏற்றியவர் பொறுப்பாளி; கூடுதல் சுமையின் விகிதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அத்தகைய பிராணியால் தாங்கவே முடியாத சுமையை ஏற்றியிருந்தாலோ, அதன் முழு விலையையும் கொடுக்க வேண்டும் என்று விளக்கவுரைகள் சொல்கின்றன. இதைவிட நுட்பமான சட்டம் ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட அளவு பருத்தி ஏற்றுவதாகப் பேசியவர், அதே எடையுள்ள இரும்பை ஏற்றக் கூடாது. எடை ஒன்றுதானே என்று கேட்க இடமில்லை. பருத்தி முதுகு முழுவதும் பரவி அமரும். இரும்பு ஓரிடத்தில் குவிந்து அழுத்தும். எடை சமமானாலும் தீங்கு சமமல்ல.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகத்தையும் கழுதையையும் பார்த்து எழுதிய இந்தச் சட்டம், மச்சானின் சரக்குக்கு அப்படியே பொருந்துகிறது. துணிக்கட்டு பருத்தி, தையல் இயந்திரம் இரும்பு. இரும்பை டிரெய்லரின் பின்பகுதியில் குவித்தால், முன்பகுதி மேலே தூக்கி, காரின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து இலேசாக்கும். அப்போது சற்று வேகம் கூடினாலும் டிரெய்லர் பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையே இழுத்துச் சுழற்றிவிடக் கூடும். இரும்பை முன்பகுதியில் குவித்தாலோ கொக்கி அழுந்தி, காரின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். ஏற்கெனவே தாழ்வான கார் நம் ஊர் வேகத்தடையில் உராயும். கனமானவற்றைச் சக்கரங்களுக்கு மேலாக, தாழ்வாக வைத்து, கொக்கியில் அளவான பாரம் விழும்படி கட்ட வேண்டும். ஐரோப்பாவில் கொக்கியின் மேல் செங்குத்தாக விழக்கூடிய பாரத்தையும் கார் தயாரிப்பவர்களே வரையறுக்கிறார்கள். பல கார்களுக்கு அது 50 முதல் 100 கிலோ வரைதான்.

தொப்பூர் கணவாய்

தருமபுரியிலிருந்து சேலம் செல்பவர்கள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அடிவயிறு கலங்கும். 2020 டிசம்பரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி, வரிசையாக நின்றிருந்த வாகனங்களின் மேல் மோதி நால்வர் இறந்தனர். 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதிக்கொண்டதில் நால்வர் இறந்தனர். இவற்றுக்கு இடையிலும் பின்னரும் நடந்த சிறிய விபத்துகள் நம் நினைவில்கூட நிற்பதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் வழக்கமும், அதிகப் பாரமும், சூடேறித் தளர்ந்த பிரேக்கும் அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள்.

லாரி ஓட்டும் பெரியவர் தம் வாழ்நாள் பாடத்தை ஒரே வரியில் சொன்னார்: "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கு." இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும்தான்.

இதன் கணக்கை மருமகனே போட்டுப் பார்த்தான். ஆளோடு சேர்த்துக் கார் 1500 கிலோ. டிரெய்லரும் சரக்கும் 1000 கிலோ. இந்த 2500 கிலோவும் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கார் மட்டும் இறங்கினால் ஐந்து லிட்டருக்கும் குறைவு. அந்த வெப்பத்தில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் ஏற்கும். மற்றதெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் காரின் நான்கு சக்கரங்களே முழுவதையும் சுமக்க வேண்டும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அப்படி ஈரம் சேர்ந்த டாட் 4 வகை எண்ணெய் 155 டிகிரி வெப்பத்திலேயே கொதிக்கக் கூடும். எண்ணெய் கொதித்தால் மிதி காலின் கீழ் மெத்தைபோல் அமுங்கும், வண்டி நிற்காது. வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகச் சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியிலேயே டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். தனி அனுமதி பெற்றால் 100. எவ்வளவு விலையுயர்ந்த காராக இருந்தாலும் டிரெய்லரைக் கட்டிய பின் அது வேகத்துக்கு உரியதல்ல.

கணக்கு முடிந்ததும் மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, அந்த இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் போனால்?" என்று அவனே கேட்டான். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சரக்கு இரண்டு நடையாகக் குட்டியானையில் போனது. கார் தன் வேலையைச் செய்தது: தாயையும் தந்தையையும் ஏற்றிக்கொண்டு பத்திரமாகச் சேலம் சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சட்டமும் மார்க்கமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான்; அதற்கும் பதிவு வேண்டும். தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் கொக்கி வைத்த காரில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக வந்து நிற்கலாம். லாரி வாடகையில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் இதற்கு முன் எம்மாத்திரம்?

மார்க்கம் இதைவிட ஆழமாகப் பேசுகிறது. அல்லாஹ் எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனம் தரும் ஆறுதல். அதே அத்தியாயத்தின் 195ஆம் வசனம், நம் கைகளாலேயே நம்மை அழிவுக்குள் தள்ளிக்கொள்வதைத் தடுக்கிறது. பணியாளர்கள்மேல் அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள். அப்படிச் சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகியுள்ளது.

அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்குள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. நபியவர்கள் அதைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். ஓர் அன்சாரி இளைஞர் முன்வந்தார். இந்தப் பிராணியை உமக்கு உரிமையாக்கிய அல்லாஹ்வை அதன் விஷயத்தில் அஞ்ச வேண்டாமா, நீர் அதைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்வதாக அது முறையிடுகிறது என்று அவரிடம் எடுத்துரைத்தார்கள்.

இரும்பு வாகனம் கண்ணீர் வடிப்பதில்லை. அதனால்தான் நம் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒட்டகம் தாங்காவிட்டால் முனகும், படுத்துக்கொள்ளும். கார் முனகாது, தொப்பூரின் வளைவில், ஒரே நொடியில் கைவிட்டுவிடும்.

சுமை தூக்காதது ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறையல்ல. பந்தயக் குதிரையை யாரும் மூட்டை தூக்கவில்லை என்று ஏசுவதில்லை. பிள்ளைகள் விஷயத்திலும் இதை நினைத்துப் பார்க்கலாம். வேகமாக ஓதி மனனம் செய்கிற பிள்ளை எல்லாப் பாரத்தையும் தாங்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஒரு வுஸ்அத்தைக் கொடுத்திருக்கிறான். அதைக் கேட்டறிந்து ஏற்றுவதுதான் நீதி.

குடும்பத்தார் கவனத்துக்கு

1. எந்த வாகனத்தில் டிரெய்லர் இணைப்பதானாலும் முதலில் அதன் கையேட்டைப் பாருங்கள். அதில் இழுக்கும் எடை குறிக்கப்படவில்லையென்றால் இழுக்க வேண்டாம்.

2. பட்டறையில் பற்றவைத்த கொக்கியை நம்பி நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். இணைப்பு கழன்றாலும் பிடித்து நிறுத்தும் பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவை இல்லாத டிரெய்லர் வேண்டாம்.

3. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பதறிப் பிரேக்கை மிதிக்காதீர்கள்; ஸ்டியரிங்கையும் திருப்பித் திருப்பிச் சமாளிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள்.

4. இறக்கத்தில் ஒருபோதும் நியூட்ரல் வேண்டாம். எஞ்சினை அணைக்கவும் வேண்டாம்.

5. பழுதான காரைக் கயிறு கட்டி இழுப்பது வேறு விஷயம். இரண்டுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளே வரையறுத்தன. கணவாயில் அதையும் தவிர்த்து, மீட்பு வண்டியை அழையுங்கள்.

6. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி அழைத்துச் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. டிரெய்லர் சரக்குக்கானது, அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லை. ஜமாஅத் பெரியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் இதை ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் பெரும் நன்மை.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவின் பொருளைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை, அவனே வசப்படுத்தித் தந்தான் என்ற ஒப்புதலும், அவனிடமே திரும்பிச் செல்லப்போகிறோம் என்ற நினைவும் அதில் இருக்கின்றன. அந்த துஆவை ஓதிய நாவோடு, தாங்காத சுமையைக் கட்டிக்கொண்டு புறப்படுவது பொருந்தாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. நம்மால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.